ஈர மண்ணில் ஒன்பது மீட்டர்

லாபு,
10 மார்ச் 2024

அன்புத் தம்பி யோகேந்திரனுக்கு,

அக்கா குமுதவல்லி எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் நலம். அங்கே ஆற்றுத் தண்ணீர் உனக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? போன தடவை வயிற்றுவலி என்றாய். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், சோம்பேறித்தனம் பார்க்காதே.

உன் பள்ளிக்கூடத்தில் லைன் கிடைக்காதது ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. போனில் கேட்டால் நீ சிரித்துவிடுவாய். எனக்கு இயற்பியல் படிக்க வேண்டும். ஆமாம், எனக்குத்தான். நீ அதற்கு வாத்தியார் என்பதால் உன்னைக் கேட்கிறேன்.

போன வாரம் சிரம்பானுக்குப் போய் ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டையில் நட்சத்திரமெல்லாம் போட்டு அழகாய் இருந்தது. இருபது பக்கம் படித்தேன். காலம் வளைகிறதாம். வளைந்துவிட்டுப் போகட்டும். ஒரு பொருள் சரிவில் ஏன் சறுக்குகிறது, எங்கே போய் நிற்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எந்தப் புத்தகத்தில் தொடங்க வேண்டும் என்று எழுது. நான் பதினைந்து வயதில் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதை மறந்துவிடாமல் சொல்.

மாமா நலம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
குமுதா


ராஜாங் ஆற்று மேற்கரை, சரவாக்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யோகன் வணக்கம். நான் நலம், வயிறும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் படகில் வந்து சேர பதினெட்டு நாள் ஆயிற்று. ஆசிரியர் அறையில் பிரித்துப் படித்தேன். நாற்பத்தாறு வயதில் அக்காவுக்கு இயற்பியலா என்று சிரிப்பு வந்தது உண்மைதான். அடுத்த நிமிடமே வெட்கமாகிவிட்டது. அப்பா தவறியபோது நீ நீலாய் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாய், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தக் கணக்கில் உனக்கு ஒரு புத்தகமாவது வர வேண்டும்.

என் பல்கலைக்கழகப் புத்தகத்தையே அனுப்பியிருக்கிறேன். எனக்கு உயிர் அது. ஆங்கிலம்தான், ஆனால் படங்கள் அருமையாக இருக்கும். ஓரத்தில் நான் கிறுக்கியதையெல்லாம் கண்டுகொள்ளாதே. முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படி. அவசரமே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
யோகன்


லாபு,
25 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே வேண்டுவதும். பெட்டி வந்தது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் கை கழன்றுவிட்டது. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் தம்பி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தால் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் நகர்கிறது. மொத்தம் ஆயிரத்து முந்நூறு பக்கம். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

உராய்வு நூற்று ஐம்பதாம் பக்கத்தில் இருக்கிறது. நேரே அங்கே போய்த் தொடங்கலாமா? சரிவு, உராய்வு, நிற்கிற தூரம், இவ்வளவுதான் எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

தோட்டத்து நாற்றுப்பண்ணையில் எனக்கு இப்போது தண்ணீர் விடும் வேலை. மத்தியானம் ஓய்வு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து படிக்கிறேன். கூட வேலை செய்கிற மயிலம்மாள், "என்ன குமுதா, துரைசாணி ஆகப் போறியா?" என்று கேலி செய்கிறாள்.

மாமா நலம்.

அக்கா


ராஜாங்,
14 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? உண்மையாகத்தான் கேட்கிறேன். ‘எனக்கு அவ்வளவு நாள் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்.

புத்தக விஷயத்தில் தப்பு என்னுடையது. எனக்குப் பிடித்ததை அனுப்பினேன், உனக்கு எது உதவும் என்று யோசிக்கவில்லை. வகுப்பில் மாணவர்களிடம் இப்படிச் செய்ய மாட்டேன். அக்கா என்றதும் புத்தி எங்கோ போய்விட்டது.

இப்போது மூன்று மெல்லிய புத்தகங்கள் வருகின்றன. ஒன்று, படிவம் நான்கு பாடநூல். நீ இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தவள், அந்த மொழியில் சட்டென்று பிடிபடும். இரண்டாவது, பயிற்சி நூல். ஒவ்வொரு கணக்கையும் படிப்படியாகச் செய்து காட்டி, பக்கத்திலேயே அதே மாதிரி ஒன்றை உனக்கு விட்டிருப்பார்கள். விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். செய்து முடிக்காமல் அங்கே போகாதே. மூன்றாவது தமிழ்நாட்டுத் தமிழ்ப் பாடநூல். அதில் கணக்குப் போட வேண்டாம். மற்ற இரண்டில் குழம்பினால் அதே பாடத்தை இதில் படி. மனசுக்குள் பேசிப் பார்க்கச் சொல் கிடைக்கும்.

நேரே உராய்வுக்குப் போகாதே. வழுக்கி விழுவாய். வேகம், முடுக்கம், விசை, அதற்குப் பிறகு உராய்வு. நடுவில் சைன், கொசைன் என்று பத்துப் பக்கக் கணிதம். ஒளி, மின்சாரம், வெப்பமெல்லாம் தாண்டிவிடு. இப்படிப் போனால் இரண்டு மாதம் போதும்.

உடம்பைப் பற்றி எழுது.

யோகன்


லாபு,
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்காவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. சர்க்கரைகூட அளவாகத்தான் இருக்கிறது. வீணாகக் கவலைப்படாதே. நீ இளைத்துவிட்டதாக உன் பள்ளிப் படத்தைப் பார்த்த மயிலம்மாள் சொல்கிறாள். முட்டையாவது சாப்பிடு.

பயிற்சி நூல்தான் சரியான புத்தகம். நூற்று நான்கு கணக்கு செய்துவிட்டேன். முதலில் பத்தில் எட்டு தப்பாக வந்தது. இப்போது பத்தில் எட்டு சரி. சைன் என்றால் பெரிய பூதம் என்று பயந்தேன். பத்து மீட்டர் இறங்கி நடந்தால் எத்தனை மீட்டர் பள்ளத்துக்குப் போகிறோம் என்பதுதானே! இதைச் சொல்லாமல் முக்கோணமாய்ப் போட்டு மிரட்டுகிறார்கள்.

ஒரு சந்தேகம். கணக்கிலெல்லாம் ‘உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்க’ என்று அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். யாரும் கொடுக்காவிட்டால்? நிஜமான ஒரு மண் ரோட்டில், மழை பெய்த பிறகு, அது எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மாமா நலம்.

அக்கா


ராஜாங்,
28 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் சைன் விளக்கத்தை நேற்று வகுப்பில் அப்படியே சொன்னேன். இரண்டு வாரமாக விழித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "அவ்வளவுதானா சார்?" என்றாள்.

உராய்வை அளப்பது சுலபம். சறுக்கும் பொருளின் துண்டு ஒன்றை எடு. அதன்மேல் மணல் மூட்டை கட்டி மொத்தமாக நிறுத்துக்கொள். தொங்கு தராசைக் கொக்கியில் மாட்டி, அதே மண்ணில், சமமான இடத்தில், ஒரே சீராக இழு. இழுக்கும்போது தராசு காட்டுவதை மொத்த எடையால் வகுத்தால் குணகம் வந்துவிடும். ஒரு தடவை செய்துவிட்டு நம்பாதே.

அக்கா, புத்தகம் படிக்கிறவர்கள் அடுத்தது என்ன என்று கேட்பார்கள். நீ மூன்று கடிதமாகச் சரிவையே சுற்றிச் சுற்றி வருகிறாய். எந்த ரோடு அது? மாமாவைப் பற்றியும் ஒவ்வொரு தடவையும் இரண்டே வார்த்தைதான் எழுதுகிறாய்.

பதில் போடு.

யோகன்


ராஜாங்,
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எட்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. மூன்று தடவை படகு வந்து போய்விட்டது.

போன சனிக்கிழமை டவுனுக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டேன். மாமாதான் எடுத்தார். "அக்கா நல்லாதான் இருக்கா" என்றார். "நீங்க எப்படி மாமா இருக்கீங்க?" என்று கேட்டேன். "வேலை இருக்கு, வெச்சிடுறேன்" என்றார். போனை எடுத்தால் கால்பந்து பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர் அவர்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். படிப்பில் எங்கேயாவது மாட்டிக்கொண்டு கோபத்தில் மூடி வைத்துவிட்டாய் என்றால் மட்டும் ஒன்று கேள். விடை வந்ததும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதே. அதோடு பேசு. சரிவு இன்னும் செங்குத்தாக இருந்திருந்தால் இந்த விடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? நிஜத்தில் அப்படித்தான் நடக்குமா? என் மாணவர்கள் செய்யும் தப்பில் பாதி இந்தக் கேள்வியிலேயே அகப்பட்டுவிடும்.

ஒரு வரியாவது எழுது.

யோகன்


லாபு,
8 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று இத்தனை நாளும் எழுதியது பாதிப் பொய். மன்னித்துவிடு. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் மாமா ஓட்டிய டிராக்டர் விபத்தாகிவிட்டது. தோட்டத்தில் பதினான்காம் நம்பர் காட்டு இறக்கம் உனக்குத் தெரியும். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார். தூறல் விட்ட நேரம், செம்மண் ரோடு. வளைவில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பிரேக் அடித்தார். பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே சறுக்கி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. மோட்டார்காரன் தப்பித்தான். ஆனால் டிரேய்லர் பலகைக்கு மேலே குவித்திருந்த குலைகள் சரிந்தன. டிராக்டர் சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்து வந்த முனியாண்டி அண்ணன் மேல் விழுந்தன. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உன் மாமாவுக்கு அவர் கூடப் பிறக்காத குறைதான்.

தோட்ட நிர்வாகம் அறிக்கை எழுதியது. ‘மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம், ஓட்டுநரின் கவனக்குறைவு.’ யாரும் அளந்து சொல்லவில்லை. அந்த டிராக்டரின் மீட்டர் செத்து இரண்டு வருஷமாகிறது. முடிவு சொல்லும் விசாரணையை அக்டோபருக்கு வைத்தார்கள். அதுவரை மாமாவுக்குப் புல் வெட்டும் வேலை. தீர்ப்பு எதிராகப் போனால் வேலையும் போய்விடும், தோட்டத்து வீடும் போய்விடும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "நீங்க வேகமாத்தான் போனீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியலையே குமுதா. ஞாபகமே வர மாட்டேங்குது. அவங்க சொல்றதுதான் உண்மையா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து அவர் ஒன்றும் பேசுவதில்லை. அம்பாங்கானில் மகள் வீட்டில் இருக்கும் முனியாண்டி அண்ணனை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

அறிக்கையில் படமும் அளவும் இருந்தன. சறுக்கல் தடம் ஒன்பது மீட்டர். அதைப் பார்த்ததும்தான், இதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கும் என்று தோன்றியது. உன்னையே போடச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தம்பி, விடை என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நாற்பது என்று வந்தால்? அப்படி வந்தால் அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு யாருக்கும், உனக்கும்கூட, தெரிய வேண்டாம்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். லாபு பழக்கடைச் சீனரிடம் தொங்கு தராசு கேட்டு வாங்கினேன். பழைய டிராக்டர் டயரில் ஒரு துண்டு, மேலே மணல் மூட்டை, மொத்தம் இருபது கிலோ. மழை விட்டதும் இறக்கத்துக்குக் கீழே சம தரையில் இழுத்தேன். எட்டு, எட்டரை, எட்டு, ஏழரை. சராசரி 0.4. கொத்தனார் மட்டம் பார்க்கிற மாதிரி தண்ணீர்க் குழாய் வைத்துச் சரிவை அளந்தேன். பத்து மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் இறக்கம். கணக்குப் போட்டேன். மணிக்கு முப்பத்தாறு வந்தது.

ஜூலை இருபதாம் தேதி அது. புத்தகங்களை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். உனக்கு எழுதக் கை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவதே கஷ்டமாக இருந்தது. அவரும் பொய் சொல்லவில்லை, அறிக்கையும் பொய் சொல்லவில்லை, நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன வாரம் உன் கடிதம் வந்தது. சரிவு செங்குத்தாக இருந்தால் கூடுமா குறையுமா என்று கேட்டிருந்தாய். என் விடையிடம் அதைக் கேட்டேன். என் கணக்குப்படி, இறக்கம் செங்குத்தாக ஆக வண்டி இன்னும் சீக்கிரம் நிற்கும்! எந்த ஊரில் அப்படி நடக்கும்? பயிற்சி நூலை எடுத்துப் பார்த்தேன். நான் பின்பற்றியது ஏற்றத்துக் கணக்கு. ஏற்றத்தில் சரிவும் உராய்வோடு சேர்ந்து நிறுத்தும், கூட்ட வேண்டும். இறக்கத்தில் சரிவு தள்ளிவிடும், கழிக்க வேண்டும். கழித்தேன். இருபத்திரண்டு. நாலு தடவை போட்டுவிட்டேன், இருபத்திரண்டேதான்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாகப் பார். ஒரு தடவை தப்பாகப் போட்டவள் நான். நீ சரி என்று சொன்ன பிறகுதான் அவரிடம் வாயைத் திறப்பேன்.

அக்கா


ராஜாங்,
21 செப்டம்பர் 2024

அக்கா,

சரி. முழுக்கச் சரி. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு படி.

நான் தனியாக ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அதே விடை. அவர்கள் சொன்ன நாற்பதில் வந்திருந்தால் தடம் இருபத்தெட்டு மீட்டருக்கு மேல் இருந்திருக்கும். இன்னொன்று. டிராக்டரின் முன் சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது, அவை சும்மா உருண்டிருக்கும். அதையும் சேர்த்தால் நிஜ வேகம் இருபத்திரண்டுக்கும் கீழேதான். உன் தாளின் அடியில் இதை ஒரு வரி சேர்த்துக்கொள். அதைத் தவிர அதில் நான் திருத்த ஒன்றுமில்லை. விசாரணையில் அதையே கொடு. நான் அழகாக எழுதித் தர மாட்டேன். உன் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

ஏழு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். நானும் புத்தகம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. மாமாவிடம் இன்றைக்கே சொல். தபால் படகுக்குக் காத்திராமல் மீன்காரர் படகில் டவுனுக்குப் போய் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

யோகன்


லாபு,
3 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை முழு நலம். தீபாவளிக்கு நீ இல்லாதது ஒன்றுதான் குறை. முறுக்கு தனிப் பெட்டியில் வருகிறது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அவரிடம் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நீ எனக்காகப் போட்ட கணக்கு. எப்படி வேணும்னாலும் வரும் லா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மணல் மூட்டையையும் டயர் துண்டையும் தராசையும் தள்ளுவண்டியில் போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பதினான்காம் காட்டுக்குப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. "நான் தொட மாட்டேன். நீங்களே இழுங்க, நீங்களே படிங்க" என்றேன். இழுத்தார். எட்டு. மறுபடி இழுத்தார். எட்டு. பதினொரு தடவை இழுத்தார் தம்பி. பிறகு தராசைக் கீழே வைத்துவிட்டு ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும், "அம்பாங்கானுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

அடுத்த நாள் போனோம். முனியாண்டி அண்ணன் தடி ஊன்றி வாசலுக்கே வந்துவிட்டார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். அண்ணன்தான் பேசினார். "மட்கார்டுல உக்காரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னே. நான் கேக்கல. என்னாலதான் உனக்கு வேலை போச்சுன்னு நீ கோவமா இருக்கேன்னு நெனைச்சேன்டா." ஏழு மாதமாக இவர் அவருக்குப் பயந்து, அவர் இவருக்குப் பயந்து! விபத்து நடந்த அன்று மெதுவாக ஓட்டுவதாக அண்ணன் இவரைத் திட்டிக்கொண்டே வந்தாராம். மழைக்குள் போய்ச் சேர முடியாது என்று. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவரிடம் யாருமே அதைக் கேட்கவில்லை.

விசாரணைக்கு முனியாண்டி அண்ணனும் வந்தார். கணக்குத் தாளை நான்தான் கொடுத்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு ஆலை இன்ஜினியரிடம் தள்ளினார். அந்த மனிதர் பேனாவை எடுத்து வரி வரியாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் தலை நிமிர்ந்து, "யார் போட்டது?" என்று கேட்டார். நான் என்றேன். "தடத்தின் நீளத்தை நாம்தான் எழுதியிருக்கிறோம். நாற்பது எங்கேயிருந்து வந்தது?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்.

நேற்று எழுத்தில் வந்துவிட்டது. அதிவேகம் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். பலகைக்கு மேலே சுமை ஏற்ற விட்டதுதான் காரணம் என்று போட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு டிராக்டர் சாவி திரும்ப வருகிறது. முனியாண்டி அண்ணனுக்குக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை.

அடுத்த படகில் மின்சாரத்துக்கு ஒரு புத்தகம் அனுப்பு. மெல்லியதாகப் பார்த்து அனுப்பு.

அக்கா


லாபு,
17 நவம்பர் 2024

மச்சான் யோகேந்திரனுக்கு,

உன் மாமா முகுந்தன் எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். குமுதா குளிக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போனை அன்றைக்குப் பட்டென்று வைத்ததற்கு வருத்தம்.

கணக்கு எதிராக வரும் என்று அவள் பயந்ததை உனக்கு எழுதினாளாம். என்னிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்கு வருத்தமா என்று கேட்டாள். வருத்தமே இல்லை மச்சான். உங்களை நான் நம்புகிறேன் என்று அவள் சும்மா சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நானே என்னை நம்பவில்லையே. அவள் போய் அளந்து பார்த்தாள். அதனால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

திங்கட்கிழமை வண்டி எடுத்தேன். முதல் தடவை பதினான்காம் காட்டு இறக்கத்தில் இறங்கும்போது கை வியர்த்தது. இரண்டாவது தடவை இல்லை. பலகைக்கு மேலே ஒரு குலைகூட வைக்க விடுவதில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

இன்றைக்கு மூன்று டிரிப் முடிந்தது. நல்ல பசி. நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டு நாலாவது போக வேண்டும். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

முகுந்தன்